பென்ஷனுக்குப் பிறகு இருபத்தோரு வருஷம்

நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் சீனியர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று தெரிந்தால், அவரைச் சுற்றி ஒரு கேள்வி கட்டாயம் எழும். ரிடையர் ஆயாச்சு, இனிமே என்ன பண்றதா உத்தேசம்? பேரன் பேத்தி, கோயில் குளம், காலையில் கொஞ்சம் வாக்கிங் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அதில் குறை ஒன்றும் இல்லை. எனக்குக் கவலை தருவது எங்கள் செட்டுதான். முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடாத நாங்களே, ஊர் சுற்றும் ஆசை, படம் எடுக்கும் ஆசை, பழைய புஸ்தகம் தேடும் ஆசை எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ரிடையர் ஆனப்புறம் பாத்துக்கலாம் என்று பரணில் போட்டு வைத்திருக்கிறோம். பரணில் போட்டது அறுபது வயது வரை கெடாமல் இருக்குமா?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை வரலாறு எனக்குத் தெரியும். நம் காஞ்சிபுரத்து மண்ணோடு சம்பந்தப்பட்ட வரலாறு. அந்த மனிதர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்தவர் என்று ஒரு வரியில் படித்து, பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கியிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது வருஷத்து நடை இருக்கிறது.

வேலைக்கு வந்த இளைஞர்

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்ட்டனம் ஊரில் பிறந்தார். 1858-ன் கடைசியில், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். அந்தத் துறை 1851-ல்தான் தொடங்கியிருந்தது. மண்ணுக்கடியில் நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, பொன் எங்கே என்று சர்க்காருக்குச் சொல்வதே அதன் வேலை. வெள்ளைக்கார ஆட்சி இங்கே பாறைகளைப் படித்தது அறிவு தாகத்தால் மட்டும் அல்ல. இதை மறைக்க வேண்டியதில்லை. கூடாரம் சுமந்தவர்கள், குழி தோண்டியவர்கள், வழி காட்டியவர்கள் நம் ஊர் ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அந்தக் காலத்து நிலவியல்காரரின் வேலை நாம் இன்று செய்கிற சைட் வேலையைவிடக் கடினம். மழை முடிந்ததும் மாட்டு வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். ஆற்றுக் கரை, கிணற்று வெட்டு, குன்றுச் சரிவு என்று எங்கே மண்ணின் குறுக்குவெட்டு கண்ணில் படுகிறதோ அங்கெல்லாம் நின்று, உடைத்துப் பார்த்து, குறித்து, வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்ததே 1865-ல்தான். ஃபூட் நம் பக்கம் சுற்றத் தொடங்கியபோது அதுவும் கிடையாது.

பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1873-ல் வெளிவந்தது. காஞ்சிபுரம் பாலாற்றுக்கு வடக்கே, வேகவதிக் கரையில் இருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய சரளைப் படிவு ஒன்று நிலவியல் நூல்களில் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பெயரிலும் ஒரு படிவுத் தொகுதி இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைகள் அச்சு வார்த்த மாதிரி அதன் களிமண் பாறைகளில் பதிந்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கம்பெனி பஸ்ஸில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறோம்! ஒன்பது வருஷமாக நானும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். டயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஃபூட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் எட்டிப் பார்க்கத் தோன்றியது.

பல்லாவரத்துச் சரளைக் குழி

1863 மே 30. பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டி ஒரு சரளைக் குழி இருந்தது. ரோட்டுக்குக் கொட்டச் சரளை வெட்டுகிற குழிதான். அதில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார் ஃபூட். அப்போது அவருக்கு வயது 28. அந்தப் பல்லாவரம் 1997 முதல் 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

கல்லில் என்ன விசேஷம்? ஆற்றில் உருண்ட கூழாங்கல்லுக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். தானாக உடைந்த கல்லில் உடைவுக்கு ஒழுங்கு இருக்காது. மனிதன் கைபட்ட கல்லில் அடி விழுந்த இடம் தெரியும். அந்த இடத்திலிருந்து சில்லு பெயர்ந்த பள்ளம் ஒரு சிப்பி போல விரியும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சில்லு எடுத்து, கூர்மையான ஓரமும் கைக்கு அடங்கும் வடிவமும் கொண்டு வந்திருந்தால், அது தற்செயல் ஆகாது. கையில் பிடித்து வெட்டவும் தோண்டவும் பயன்பட்ட அதைக் கைக்கோடாரி என்கிறோம். இந்தப் பக்கத்துக் கைக்கோடாரிகள் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான கல்லால் ஆனவை.

அதே குழியில் அதற்கு முன் எத்தனையோ பேர் இறங்கி ஏறியிருப்பார்கள். ஃபூட்டின் கண்ணில் மட்டும் பட்டதற்குக் காரணம் உண்டு. 1859-ல் பிரான்ஸ் நாட்டின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகளை இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, மனித இனம் நினைத்ததைவிட மிகப் பழமையானது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்த ஃபூட், அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கலாமே என்று எண்ணி, சர்வே வேலையின் நடுவே அதற்கும் ஒரு கண் வைத்திருந்தார். அதே வருஷம் செப்டம்பர் மாதம், சக ஊழியர் வில்லியம் கிங்கோடு போனபோது, கொசஸ்தலையாற்றின் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பெரிய புதையல் கிடைத்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு இவைதான் முதல் சான்றுகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, கற்கருவி தேடுவது அவர் உத்தியோகம் அல்ல. சம்பளம் பாறைக்கு, கற்கருவி அவருடைய சொந்த ஆசை. இரண்டும் ஒரே பாதையில் நடந்தன. ஆபீஸ் வேலையை உதறிவிட்டு ஆசையைத் தேடி ஓடவில்லை, ஆசையை ரிடையர்மென்ட் வரை ஒத்திப்போடவும் இல்லை. தினமும் நடக்கிற அதே பாதையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.

வீடும் துக்கமும்

ஃபூட்டின் மாமனாரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர்தான் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். பிறகு சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கற்பித்தவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டவர். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பெர்சிவலும் கடைசி வரை ஓயாமல் உழைத்து, 1882-ல் ஏற்காட்டில் காலமானார்.

1862-ல் மணந்த மனைவி எலிசபெத் ஆன் 1870-ல் இறந்துபோனார். அப்போது ஃபூட்டுக்கு 35 வயது, நாலு பிள்ளைகள். இன்றைக்கு என் வயதுதான். அந்த நிலையில் வாழ்க்கையை ஒரு மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நடையை நிறுத்தவில்லை. 1874-ல் மறுமணம் செய்துகொண்டார். தார்வார், பெல்லாரி, கர்நூல், மதுரை, திருநெல்வேலி என்று தெற்கு முழுவதும் சுற்றினார். பொன் விளையும் தார்வார்ப் பாறைத் தொகுதிக்குப் பெயர் வைத்தது அவரே. 50 வயதில், 1884-85-ல், கர்நூல் பக்கம் பில்ல சுர்கம் குகைகளைத் தோண்டி விலங்கெலும்புகளைச் சேகரித்தார். அந்த வேலையில் அவருக்குக் கை கொடுத்தவர் ராணுவ அதிகாரியான அவருடைய மகன் ஹென்றி. அப்பாவின் பைத்தியம் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது!

பென்ஷன் வாங்கிய பின்

33 வருஷ சர்வீஸுக்குப் பிறகு 1891-ல், 57-வது வயதில், ஃபூட் ஓய்வு பெற்றார். கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய், நெருப்பு மூட்டிய அறையில் கால் நீட்டி உட்காருவதுதான் அந்தக் காலத்து அதிகாரிகளின் வழக்கம். ஃபூட் இந்தியாவிலேயே இருந்தார். நான் சொல்ல வந்த கதை இங்கேதான் ஆரம்பம்.

முதலில் பரோடா சமஸ்தானத்துக்கு நிலவியல் ஆய்வாளராகப் போனார். தெற்கைச் சுற்றிய மனிதருக்கு குஜராத் புது மண், புது ஆறு, புது மொழி. அங்கேயும் பழைய கண் வேலை செய்தது. 1893-ல் சபர்மதிப் பள்ளத்தாக்கில் கற்கருவி கண்டெடுத்தார். குஜராத்தில் பழைய கற்காலத்துக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். அப்போது அவருக்கு வயது 59! அடுத்த வருஷம், 1894-ல், மைசூர் சமஸ்தானம் புதிதாக நிலவியல் துறை தொடங்கியபோது அதற்கு முதல் தலைவர் ஆனார். நமக்கெல்லாம் 58, 60 என்றால் ஃபேர்வெல் பார்ட்டி, சால்வை, மாலை. அவருக்கு 60-ல் ஒரு துறையையே தொடங்கி நடத்தும் வேலை.

அதன் பிறகு ஏற்காட்டில் தங்கினார். மலையேறிக் குளிர் காய்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து வழுவழுப்பான கற்கோடாரிகள் கிடைப்பதையும், மலைவாழ் மக்கள் அவற்றைச் சாமி கல்லாகச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிடுவதையும் கவனித்தார். நாலாயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் மரம் வெட்டத் தேய்த்து வைத்த கல், இன்னொருவனுக்குப் பூ வைக்கும் தெய்வம். இதைவிட சுவாரஸ்யம் வேறு என்ன வேண்டும்?

அவர் வாழ்நாளில் கண்டுபிடித்த தொல்பழங்கால இடங்கள் நானூறுக்கும் மேல். சேர்த்த பொருட்கள் வீட்டில் அடங்காத குவியல். இந்த இடத்தில்தான் அவர் சாதாரண சேகரிப்பாளரிலிருந்து மாறுபடுகிறார். சேர்ப்பது பெரிய காரியம் இல்லை, சேர்த்ததை ஒழுங்கு செய்து பிறர் கையில் கொடுப்பதே பெரிய காரியம் என்று அவர் செயலில் காட்டினார். சென்னை அருங்காட்சியகத்தின் தொல்பொருட்களுக்கு அவர் தயாரித்த பட்டியல் 1901-ல் வந்தபோது அவருக்கு 67. அவருடைய சொந்தச் சேகரிப்பு 1904-ல் அதே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு அந்தச் சேகரிப்புக்கே ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தார். எந்தக் கல், எந்த ஊர், எந்த மாதிரி இடம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். வெளியே வெயிலில் நடப்பதைவிட இந்த வேலைக்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், 78-வது வயதில், ஃபூட் காலமானார். அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்தது. அவர் எழுதிய பட்டியல் 1914-ல் அச்சானது; காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் அடங்கிய இரண்டாம் பகுதி 1916-ல். இரண்டையும் அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் தென்னங்கன்று நடுகிற தாத்தாக்களை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். இதுவும் அந்த ஜாதிதான்.

தவறும் பயன்படும்

ஃபூட் சொன்னது எல்லாம் நிலைத்துவிடவில்லை. பழைய கற்கால மக்களுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் நடுவே மிக நீண்ட வெற்றுக் காலம் ஒன்று இருந்தது என்று அவர் கருதினார். பின்னால் வந்தவர்கள் சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைக்கும் இடங்களை ஆராய்ந்து, அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அவரைத் திருத்த முடிந்ததற்கும் அவரே காரணம். ஒவ்வொரு பொருளுக்கும் ஊர் எழுதி வைத்திருந்ததால்தானே பின்னால் வந்தவர்கள் அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிந்தது?

அத்திரம்பாக்கமே நல்ல உதாரணம். சாந்தி பப்புவின் குழுவினர் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள கைக்கோடாரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். 2018-ல் வந்த ஆய்வு, அங்கே அடுத்த கட்டக் கற்கருவித் தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவுகள் இவை. ஃபூட் காலத்தில் இந்த வயதைக் கணக்கிடும் கருவியே கிடையாது. அவர் கொடுத்தது இடம். விடை 148 வருஷம் கழித்து வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

இதெல்லாம் துரைமார்களுக்குச் சரி, நமக்கு எங்கே என்று கேட்கலாம். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் 44 வருஷம் பட்டுத் தறி நெய்தவர். குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தே முழங்கால் போயிற்று, ஜரிகை பார்த்தே கண் போயிற்று. தறியை விட்டு இறங்கியதும் ஆறு மாசம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். தெருவில் அவர் செட்டு ஆட்கள் அப்படி உட்கார்ந்து, பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர பயம்.

ஒருநாள் ஃபூட் கதையை அவரிடம் சொன்னேன். கல்லுக்கே இத்தனை கணக்கு வச்சிருக்காரா என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு கிராஃப் நோட்டு வாங்கித் தரச் சொன்னார். ஜக்கார்டு பெட்டிக்கு முந்தி அடை கட்டி நெய்த காலத்துக் கரை டிசைன்கள் அவர் நினைவில் இருந்தன. மல்லிமொக்கு, ருத்ராட்சம், யாளி, தாழம்பூ ரேக்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தார். ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தெரு, யார் வீட்டுத் தறி, சுமாராக எந்த வருஷம், கோர்வையா இல்லையா என்று எழுதுகிறார். நினைவு தடுமாறும் டிசைனுக்காகப் பழைய தறிக்காரர்களைத் தேடி சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார். போன வருஷம் கும்பகோணம், ஆரணி வரை போய் வந்தார். முட்டி வலி போகவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் பேச விஷயம் இருக்கிறது. இதுவரை 112 டிசைன் ஏறியிருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கைக்கோடாரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்திருக்கிறதே, இவனும் நல்ல கைக்காரன்தான் என்றார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் கொடுத்த சர்டிஃபிகேட்!

நாம் செய்யக்கூடியது

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆர்வம் என்பது பென்ஷன் ஆர்டரோடு சேர்த்து வருகிற சலுகை இல்லை. ஃபூட் 57 வயதில் புதிதாக எதையும் தொடங்கவில்லை. 28-ல் பற்றிய நெருப்பை அணையாமல் வைத்திருந்தார். இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் அடியில் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் இருப்பதைப் பாருங்கள். எது அரித்திருக்கிறது, எது அப்படியே நிற்கிறது, ஏன் என்று கேளுங்கள். சிவில் படிப்பவருக்கு அதைவிட நல்ல லேப் கிடையாது. பார்த்ததற்குத் தேதியும் இடமும் எழுதுங்கள்.

சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிடம் பழைய ரயில் டிக்கெட் இருக்கலாம், நாணயம் இருக்கலாம், வரைந்த படம் இருக்கலாம், போய் வந்த ஊர்களின் போட்டோ இருக்கலாம். அதன் கதை உங்களுக்கு மட்டுமே தெரியும். ஊர், வருஷம், யார் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதனோடு கட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் ஒரு நீள மேஜை போட்டுத் தருமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பொருளை அதன் சீட்டோடு கொண்டுவந்து வையுங்கள். முதல் பொருளாக, அப்பா தம் கிராஃப் நோட்டைக் கொடுத்தனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் 150 டிசைன் ஆக்கிவிட வேண்டும் என்று இப்போதே அவசரப்படுகிறார்.